கோரை முளைக்கிற இடம்

ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். மேலே வருகிறவர்களுக்குப் படகு விடுகிற ஏரி ஒன்றுதான் தெரியும். சேர்வராயன் மலை மடிப்புகளில் கிடந்த சதுப்புகளையும் ஊற்றுப் பள்ளங்களையும் பற்றிப் பேச்சே இல்லை. கணக்கு எழுதினவன் வரி வாங்க வந்தவன். வரி தராத மண் அவனுக்குத் தரிசு.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு மழை வேண்டும். வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. பள்ளத்தில் நட வேண்டுமானால் முதலில் வடிகால் வெட்டியாக வேண்டும். பின்னால் நிழலுக்கென்று ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது, அதன்மேல் மிளகுக்கொடி ஏறியது. மண்வெட்டி பிடித்தது யார்? மலையாளிப் பழங்குடிகளும், கீழ்நாட்டிலிருந்து பிழைக்க ஏறிய நம் சனங்களும்தான். (மேட்டூர் அலுமினியத்துக்காக மலையுச்சியில் பாக்சைட் தோண்டியது தனிக்கதை.)

தொலைந்த சதுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? 1972 முதல் எடுத்த செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. கோடையில் சுற்றிலும் காய்ந்துகிடக்க, ஒரு திட்டு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அடியில் ஈரம் இருக்கலாம். சமவெளியில் இது உதவும். எஸ்டேட் மலையில் ஏமாற்றும். காப்பியும் சில்வர் ஓக்கும் வருஷம் முழுக்கப் பச்சை. கோரை போய் மரம் வந்த இடத்தில் 'பசுமை கூடியிருக்கிறது' என்றே படம் காட்டும். சதுப்பு செத்ததுதான் அந்தப் பசுமை!

ஆகவே பழைய சர்வே வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மரத்தடியில் ஓரமாகக் கோரையும் வல்லாரையும் விடாமல் தலைநீட்டும். ஒரு முழம் தோண்டினால் சாம்பல்நிற மண், ஊடே துருப்பிடித்த புள்ளிகள். நீர் நின்று வடிந்து, நின்று வடிந்து, மண்ணிலுள்ள இரும்பு நிறம்மாறிய தடம் அது.

லயன் வீட்டில் பிறந்து, காப்பி பறித்தே கிழவியான ஆயா ஒருத்தரிடம் கேட்டேன். "பள்ளத்துல கால வெச்சா முழங்கால் மட்டும் போவும் கண்ணு. தொரைமாரு மேட்டுல பங்களா கட்டுனாங்க. எங்களுக்கு அந்த ஈரத்துலதான் லயனு. வருசம் பூரா செவுரு கசியும், புள்ளைங்களுக்குச் சளி" என்றார். இதைவிட நல்ல வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வரைபடம் யார் கைக்குப் போகும்? 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழக அரசு சட்டம் போட்டது. நீர்நிலை என்று சொல்லிக் குடிசையைப் பிடுங்குவது எப்படி நடக்கும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். கூவம், அடையாற்றுக் கரைச் சனங்களைப் பெயர்த்து, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில் மாடிமேல் மாடியாக அடுக்கினார்கள். அங்கும் வெள்ளம் வருகிறது.

ஏற்காட்டில் இந்த ஆய்வைச் செய்யப்போகிற மாணவத் தோழர்கள் லயன் இருக்கும் இடத்தைக் குறித்தால், வடிகால் எங்கே தொடங்குகிறது, எந்த எஸ்டேட் எல்லைக்குள் ஓடுகிறது என்பதையும் அதே தாளில் குறிக்கட்டும். எஸ்டேட்டுக்குப் பத்திரம் இருக்கிறது. ஆயாவிடம் பட்டா கிடையாது.