மங்கும் அலையும் பல அலைவாங்கிகளும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தில் சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தோர் ஓர் அனுபவத்தை மறந்திரார். தொலைநாட்டுக் குரல் ஓங்கும், தாழும், மறையும், மீளும். ஒலிபரப்பியின் வலு குன்றுவதே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணினர். உண்மை வேறு. வானின் அயனப் படலத்திற் பட்டுத் திரும்பும் அலை பல வழிகளால் வந்து சேர்கிறது. அவ்வலைகள் ஒத்த கட்டத்திற் சேரின் வலுக்கும். எதிர்க் கட்டத்திற் சேரின் ஒன்றையொன்று அழிக்கும்.

இம்மங்கலை வெல்லும் முயற்சி தூய அறிவு வேட்கையினால் மட்டும் பிறந்ததன்று. அமெரிக்கக் கடற்படையின் ஊக்கத்துடன் 1919இல் தோன்றிய ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குக் கண்டங்களுக்கிடையிலான தந்திப் போக்குவரத்து ஒரு வணிகம். அழிந்த சொல் ஒவ்வொன்றும் நட்டம். அந்நிறுவனத்தின் பெவரேஜ், பீற்றர்சன் ஆகியோர் நியூயோர்க் மாநிலத்து ரிவர்ஹெட் நிலையத்தில், விலகி நிற்கும் அலைவாங்கிகளில் ஒரே குறிப்பு ஒரே வேளையில் மங்குவதில்லை என்பதைப் பயன்கொண்டனர். மூன்று அலைவாங்கிகளின் வரவை இணைக்கும் முறையை 1931இல் வெளியிட்டனர்.

இதன் கணித அடிப்படை ரேலி பிரபு 1880இல் ஒலியியலில் ஆராய்ந்த பரம்பலாகும். அதன்படி, ஓர் அலைவாங்கியிற் பெறப்படும் வலு சராசரியின் நூறில் ஒரு பங்குக்குக் கீழே வீழும் நிகழ்தகவு ஏறத்தாழ 1 சதவீதம். இரண்டும் சேர்ந்து வீழும் நிகழ்தகவு 10,000இல் ஒன்று. மூன்றும் வீழ்வது பத்து இலட்சத்தில் ஒன்று. ஆயின் ஒரு நிபந்தனையுண்டு: அவற்றின் மங்கல்கள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். மிக நெருங்கி நிற்பவை ஒருங்கே மங்குமாதலால் எண்ணிக்கை மட்டும் பயன் தராது. மேலும், சிறந்ததை மட்டும் தெரிந்தெடுக்கும் முறையில் சராசரி வலு இரண்டு அலைவாங்கிகளால் ஒன்றரை மடங்காகும்; மூன்றாவது சேர்ப்பது மேலும் மூன்றிலொரு பங்கு மட்டுமே.

அடுத்த பாய்ச்சலும் கடற்படைப் பின்னணியிலிருந்தே வந்தது. 1944இல் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படை அதிகாரி. 1971 யுத்தத்தில் குக்ரி கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டபின், நீரடி ஒலியுணர் கருவிகளை மேம்படுத்தும் பணி அவசரத் தேவையாயிற்று. அவர் தலைமையில் உருவான அப்சோ கருவி 1983இல் கப்பலேறியது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில், தோமஸ் கைலாத்துடன் 1992இல் விண்ணப்பித்து 1994இற் பெற்ற காப்புரிமை, பல அலைவாங்கிகளால் ஒரே அலைவரிசையிற் பல தரவோட்டங்களை ஒருங்கே அனுப்பும் வழியைக் காட்டியது. சிதறிவரும் அலை அதுவரை தடையாக இருந்தது. இங்கே அதுவே வளமாயிற்று. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இன்று நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசிகள் பொதுவாகக் குறைந்தது இரண்டு அலைவாங்கிகளைக் கொண்டுள்ளன. 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த துறைமுகத்தின் அயலிலே, ஒரு காலத்தில் வணிகப் பேரமைப்புகளுக்கும் படைகளுக்கும் உரியதாயிருந்த நுட்பத்தை இப்போது மீனவரும் கூலித் தொழிலாளரும் கையில் ஏந்துகின்றனர். எனினும் பயன்படுத்துவது வேறு, உடைமை கொள்வது வேறு. அலை எல்லோருக்கும் பொதுவாகவே வருகிறது. அதை வாங்கும் வழிக்கே காப்புரிமையும் கட்டணமும் உள்ளன. இந்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் யார் கண்டுபிடித்தார் என்பதோடு நின்றுவிடலாகாது. யாருடைய தேவைக்காக, யாருடைய உடைமையாக என்பதையும் வினவுதல் கடன்.