நஞ்சின் பெயரும் மரணப் பதிவும்

புங்குடுதீவு மடத்துவெளியில் ஒருவர் நஞ்சினால் இறப்பின், திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வழியாகவே அம்மரணம் இறப்புப் பதிவேட்டை அடைகின்றது. அங்கே வெறுமனே நஞ்சு என்று எழுதுவதற்கும் இன்ன நஞ்சு என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும்.

பசுமைப் புரட்சியோடு பீடைகொல்லிகள் உழவர் இல்லங்களுட் புகுந்தன. 1995 இல் சனத்தொகையில் 100,000 பேருக்கு 47 பேர் தற்கொலையால் மடிந்தனர். மனத்துயரே காரணமென்று கூறி அமைதல் எளிது. ஆயின் நஞ்சுக்கு நஞ்சு இறப்போர் வீதம் பெரிதும் வேறுபடுவதை வைத்தியசாலைப் பதிவுகள் புலப்படுத்தின. அவ்வறிவைச் செயற்படுத்த 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வழிசெய்தது. 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் கொடியவை தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1996–2005 காலப்பகுதியில், முந்திய பத்தாண்டிலும் பார்க்கச் சுமார் 19,800 தற்கொலைகள் குறைந்தன. துயர் அகன்றதன்று, கொல்லும் பொருள் கைக்கெட்டாது போயிற்று.

ஹெரோயின் முதலிய போதைப்பொருள்களால் நேரும் மரணங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 இலேயே நிறுவப்பட்டது. எனினும், எந்தச் சபையும் தன்னிடம் வந்துசேரும் பதிவுகளைக் கொண்டே மரணங்களை எண்ணவியலும். இரசாயனப் பகுப்பாய்வின்றி எப்பொருள் கொன்றதென அறிதல் அரிது. குடும்ப மானங் கருதி மாரடைப்பு என்று எழுதிவிடின், அடுத்த மரணத்தைத் தடுக்கவல்ல சான்று அவ்வுடலோடு எரிந்துவிடும்.