முறையும் மகமையும்

ஐப்பசி, கார்த்திகை மழையையே ஆண்டு முழுவதற்கும் நம்பி, அது பொய்த்தால் கண்மாயும் கிணறும் ஒருங்கே வறண்டுபோகின்ற அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில், கைம்முதல் குறைந்த ஒருவன் கடை வைத்து, ஆள் வைத்து, அதைச் சிதறாமல் நடத்துவதற்கு வேண்டிய சிரத்தையையும் முன்யோசனையையும் எங்கே பயின்றான் என்று தேடிச் சென்றால், மாட்டுவண்டிகள் இளைப்பாறிய பேட்டைகளின் வாசலில்தான் போய் நிற்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தென் திருநெல்வேலிப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள். வழியெல்லாம் கள்ளர் பயம். ஆகவே சுவர் சூழ்ந்து, உள்ளே கிணறும் கொட்டகையும் அமைந்த பேட்டைகளைக் கட்டி, அவற்றைப் பராமரிக்கும் பொருட்டு, வந்து இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தங்களுக்குள்ளேயே விதித்துக்கொண்டார்கள். அதுவே மகமை.

முறை என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். உறவும் முறை, நீதியும் முறை, கண்மாய்த் தண்ணீரை இன்று இன்னார் வயலுக்கு என்று பகிர்ந்து விடுவதும் முறை. இம்மூன்று பொருளும், மகமையை நிர்வகித்த நாடார் சபையாகிய உறவின்முறை என்ற ஸ்தாபனத்தில் ஒன்று கூடின. மகமைப் பணத்தை என்றென்றைக்கும் ஒரு பெரியவரிடமே ஒப்படைத்துவிடாமல், குடும்பத் தலைவர்கள் முறைவைத்து வசூலித்து, செலவிட்டு, சபையின் முன் கணக்கு ஒப்புவித்தார்கள். அப்பொறுப்பை ஏற்றவருக்கு முறைகாரர் என்று பெயர். சாதாரணப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், தம் முறை வந்தபோது, தமக்குச் சொந்தமல்லாத பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் வைத்திருக்கவும், வரவேண்டியதை முகம் கோணாமல் கேட்டு வாங்கவும், ஒவ்வொரு செலவுக்கும் பத்துப் பேர் எதிரில் காரணம் சொல்லவும் பழகினார். கடை முதலையும் வீட்டுச் செலவையும் ஒன்றாகக் குழப்புவதே சிறு வியாபாரத்தைக் கவிழ்க்கும் முதற்காரணம் ஆதலால், இந்தப் பழக்கத்தின் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். பொதுப்பெட்டியைக் காத்த அதே கையோடுதான் அவர் மறுநாள் தம் கல்லாவைத் திறந்தார் என்பது என் துணிபு.

ஆள் பழக்குவதிலும் முறை உண்டு. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் புகச் செய்ததாகத் தலபுராணம் கூறும் திருச்சுழியைச் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்களில், மழை ஏமாற்றிய வருஷங்களில் கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், எடுத்த எடுப்பில் தராசைத் தொட்டுவிட முடியாது. வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பான், பொட்டலம் மடிப்பான், சரக்கின் தரத்தை மூக்காலும் விரலாலும் அறிவான், அதன் பின்னரே எடை, அதற்கும் பின்னரே, பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் நாள்வழியும் பேரேடும். உணவு முதலாளி வீட்டில். சம்பளம் கைக்கு வராமல் அவன் பெயரில் வரவு வைக்கப்பட்டு, பிற்காலத்தில் அவனே கடை வைக்க முதலாகத் திரும்பும். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவுக்கு மூன்று வருஷத் தவணையில் ஆள் அனுப்பி, பெட்டியடிப் பையனை அடுத்தாளாகவும் பின்பு மேலாளாகவும் உயர்த்திய ஏற்பாட்டுக்கு இது எளிய உறவு.

இந்த ஏற்பாட்டை முழுவதும் பொன்னென்று போற்ற என் மனம் இடந்தரவில்லை. பேரேட்டில் எழுதிய சம்பளம் முதலாளியின் நேர்மையை மட்டுமே நம்பியிருந்தது. படிக்க வேண்டிய வயது கடைத்திண்ணையில் கழிந்தது. சபையின் கட்டுப்பாடு ஒரு ஜாதியின் எல்லைக்குள் நின்றது. ஆனால் அந்த எல்லையை வகுத்தவர்கள் நாடார்கள் மாத்திரமல்லர். 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் அவர்கள் நுழைந்ததற்காக எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது; 1899-இல் ஜாதிக் கலவரத்தில் சிவகாசி எரிந்தது. பிறர் கதவு அடைத்த காலத்தில் தம் பேட்டைச் சுவரை அவர்கள் உயர்த்திக்கொண்டதில் வியப்பில்லை.

அருப்புக்கோட்டையின் தேவாங்கர், சாலியர் தெருக்களில் தறியும் கடையைப் போலவே வீட்டினர் அனைவரையும் ஓர் ஒழுங்கில் நிறுத்தியது. வயதானவர்கள் தார் சுற்ற, விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். முதலாளி நூலை எடைபோட்டுக் கொடுத்து, துணியை எடைபோட்டு வாங்கினார்.

விருதுபட்டியை 1870-களிலேயே தொட்டுவிட்ட ரயில் அருப்புக்கோட்டைக்கு வர 1960-கள் ஆயின. வண்டிக்கால ஒழுங்கு அங்கே நெடுநாள் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அதற்குள் மகமை பேட்டையை விட்டு வெளியேறி, கிணறாகவும் சத்திரமாகவும் பள்ளிக்கூடமாகவும் உருமாறிவிட்டது. 1889-இல் தோன்றிய விருதுபட்டி க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் அங்கே படித்தவர். 1970-இல் அருப்புக்கோட்டையில் சைவபானு க்ஷத்திரியக் கல்லூரி எழுந்தது. பிழைப்பைத் தேடி மேற்கே போனவர்கள் புதிய ஊர்களிலும் உறவின்முறை கண்டார்கள். தேனியில் பள்ளிகள் நடத்தும் அத்தகைய சபை ஒன்றன் பெயரில், வண்டி மாடுகள் அவிழ்த்துக் கட்டப்படும் வழக்கமே ஒழிந்துபோன இன்றும், மேலப்பேட்டை என்ற சொல் முன்னால் நிற்கிறது.