படுத்துப் போனவர்களின் படம் எங்கே?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி பாரிசில் நடக்கவில்லை. பசிபிக் கடலில், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட தாகிற்றித் தீவின் தெயாகுபோவில் நடந்தது. பிரேசில் வீரர் கப்ரியேல் மெடினா ஒரு விரலை உயர்த்தியபடி அந்தரத்தில் நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏ.எவ்.பி.க்காக ஜெறோம் புறுயே எடுத்தது. உலகப் பத்திரிகையெல்லாம் போட்டது.

நல்ல படந்தான். ஆனால் நான் வாசித்த செய்திகளில் ஒரு விசயத்தைக் காணவில்லை. அந்தப் பொல்லாத அலையில் 1986இலேயே ஏறி வழிகாட்டியவர்களில் மைக் ஸ்ருவேட்டும் பென் செவர்சனும் முக்கியமானவர்கள். இரண்டு பேரும் எழும்பி நின்று சறுக்கியவர்கள் இல்லை. குட்டையான நுரைப்பலகையில் நெஞ்சு பதியப் படுத்துக்கொண்டு போனவர்கள். பொடிபோர்டிங் என்பது அதுதான்.

அந்தப் பலகையை 1971 யூலையில் ஹவாயில் ரொம் மோறி செய்தார். நுரைத்துண்டை வெட்டி, மேலே பத்திரிகைத் தாளை விரித்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தார். பத்திரிகை மை பலகையில் ஒட்டிக்கொண்டதாம். இந்த விளையாட்டுக்கும் பத்திரிகைக்கும் இருந்த நெருக்கம் அவ்வளவுதான் போலும்!

1982இல் ஹவாயின் பைப்லைனில் சர்வதேசப் போட்டி தொடங்கியது. அடுத்த வருடம் ஸ்ருவேட் வென்றார். மொத்தம் ஒன்பது உலகப் பட்டங்கள். இருந்தும் நின்று சறுக்குபவர்கள் இவர்களை 'ஸ்பொஞ்ச்' என்று நக்கலடித்தார்கள். மோறியின் பலகையை பார்பி பொம்மை செய்யும் மற்றெல் கொம்பனி வாங்கி விற்றது. சின்னப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் வந்தவர்களைச் செய்தியாளர்கள் வீரர்களாக மதிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒலிம்பிக் தெயாகுபோவுக்கு வந்தபோதும் நின்று சறுக்குபவர்களுக்கு மட்டுந்தான் போட்டி.