மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி பிறந்த கதை

காரைதீவுக்குக் கிழக்கே கடல். வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மாடு வைத்திருப்பவர் மேய்ச்சலுக்குப் போக அந்த ஒரு திசைதான். வேளாண்மை நிற்கும் மாதங்களில் அதுவும் அடைபட்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னே நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில், முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள் இவற்றோடு, மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் கடைசித் திகதியையும் அறிவிக்கிறார்கள்.

ஊர் கூடி இப்படித் தீர்மானிப்பது பழைய வழமை. அதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது 1856இல். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனத்திலும் நெற்செய்கையிலும் வழக்கொழிந்துபோன வழமைகளை மீட்க வந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியதும் அவர் ஆட்சியில்தான். பின்னர் 1876இன் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம், பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துக் கட்டவும், தலைமைக்காரர் நட்டத்தை மதிப்பிடவும் வழி செய்தது.

இந்தச் சட்டங்களைவிட ஒருவருக்கொருவர் இருந்த தேவைதான் பிணக்கைப் பெரிதாகாமல் காத்தது என்பேன். வயலை மிதித்துச் சேறாக்கியவை எருமைகள். களவெட்டியில் சூடு மிதித்தவையும் அவைதான். வயலுடைய போடியார், மாடு வளர்க்கும் பட்டிக்காரரைப் பகைத்துக்கொண்டு வேளாண்மை செய்ய முடியாது. மாரியில் பட்டிகள் மேற்கே காட்டோரம் போய்விடும். அறுவடை முடிந்ததும் தாளில் மேய இறங்கி வரும். மாட்டுக்குப் புல், மண்ணுக்குச் சாணம். போகும்படி சொன்னால் போவதற்கு அன்று இடமும் இருந்தது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. காடுகள் வயலாகின, நீர் எட்டிய இடங்களில் ஒரு போகம் இரண்டானது. தாள் கிடக்கும் மாதங்கள் சுருங்கின. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் எருமைக்கு வயலில் வேலையில்லை. 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கியது. 2000இன் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. இரண்டுமே பயிர் செய்பவரை மையமாகக் கொண்டவை.

திகதி மட்டும் மாறாமல் வருகிறது. போகச் சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. நம் அம்பாறை மாவட்டத்து வட்டமடுவில் பண்ணையாளரும் விவசாயிகளும் பல ஆண்டுகளாக ஒரே நிலத்துக்காக மோதுகிறார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்ததை எதிர்த்து, மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். அழிந்த பயிருக்காக அழுகிற விவசாயியின் கோபமும் நியாயமானதே. ஆனால் அதற்காக, வயலில் இறங்கிய வாயில்லாச் சீவனுக்கு வெடி வைப்பது நியாயமாகாது.

அடுத்த ஆரம்பக் கூட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பண்ணையாளரையும் அழைத்து அமர வைத்துப் பேசுங்கள். மாடுகள் வெளியேறும் திகதிக்குப் பக்கத்திலேயே, அவை எந்த மேய்ச்சல் தரைக்கு, எந்த வழியால் போகும் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தரையை வர்த்தமானியில் அறிவித்து, எல்லைக்கல் நாட்டிக் கொடுங்கள்.