ஏழு விநாடியின் வரலாறு



ஏழு விநாடியில் என்ன செய்துவிட முடியும்? குழாயடியில் வைத்த குடம்கூட அதற்குள் நிரம்பாது. ஆயினும் அந்நேரத்திற்குள் 60 மீட்டர் தூரத்தை ஓடிக் கடந்த பெண்மணிகள் உண்டு. 1993-ஆம் ஆண்டில் ரஷ்ய வீராங்கனை இரினா பிரிவலோவா அதனை 6.92 விநாடியில் ஓடி முடித்தார். அவ்வோட்டத்தின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் புதுவையில், உப்பளம் விளையாட்டரங்கில், நீங்கள் பெரும்பாலும் கண்டிருப்பது 100 மீட்டர் பந்தயமே. பனி கொட்டும் குளிர்நாடுகளிலோ ஆண்டில் சில மாதங்கள் வெளித்திடலில் ஓட இயலாது. ஆகவே கூரை வேய்ந்த அரங்கினுள் பந்தயங்களை நடத்தலாயினர். அங்கே சுற்றுப்பாதை 200 மீட்டராகச் சுருங்கும். அதன் நடுவே நேர்ப்பாதை அமைத்து, ஓடி முடித்தவர் வேகம் தணிந்து நிற்கவும் இடம் விட்டால், பந்தயத்திற்கு 60 மீட்டரே எஞ்சும். காற்று துணை செய்வதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. புறப்படும்போது சற்றே தயங்கியவர் பின்னர் அதனை ஈடுசெய்தல் அரிது.

2016 பிப்ரவரியில் தோகா நகரில் ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி நடைபெற்றது. ஒடிசா மாநிலத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த டூட்டி சந்த், தகுதிச் சுற்றில் 60 மீட்டரை 7.28 விநாடியில் ஓடி இந்தியச் சாதனை படைத்தார். இறுதி ஓட்டத்தில் 7.37 விநாடியில் வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆனால், ஓடத் தொடங்கும் கோட்டில் வந்து நிற்பதற்கே அவர் பட்ட பாடு பெரிது. அதனை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. அவ்விழாவைத் தோற்றுவித்த கூபெர்த்தேன் பெருமகனாரே பெண்கள் போட்டியிடுவதை விரும்பவில்லை. அதே பிரெஞ்சு நாட்டில் பிறந்த அலிஸ் மில்லியா என்னும் அம்மையார் அக்கருத்தை ஏற்கவில்லை. தடகளத்தில் பெண்களுக்கு இடம் வேண்டினார், மறுக்கப்பட்டது. 1921-இல் பெண்களுக்கென ஓர் உலகச் சங்கத்தை நிறுவி, 1922-இல் பாரிஸ் நகரில் பெண்களின் ஒலிம்பிக் விழாவைத் தாமே நடத்திக் காட்டினார். அங்கே திறந்த வெளியில் நடந்த 60 மீட்டர் ஓட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் மரி மெய்ஸ்லிகோவா 7.6 விநாடியில் வென்றார். ஆறே ஆண்டுகளில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், பெண்களுக்குத் தடகளக் கதவு திறந்தது. 1952-இல் நீலிமா கோஷ், மேரி டிசோசா ஆகிய இந்தியப் பெண்கள் ஹெல்சின்கியில் ஓடினர். 1985-இல் அதே பாரிஸ் நகரில் முதல் உலக உள்ளரங்கப் போட்டி நடைபெற்றபோது, பெண்களின் 60 மீட்டர் ஓட்டமும் அதில் இடம்பெற்றது.

கதவு திறந்தது, ஆனால் வாயிலில் வேறொரு கேள்வி காத்திருந்தது. 2014-இல் காமன்வெல்த் விளையாட்டுக்குச் சற்று முன்னர் டூட்டி சந்த் விலக்கப்பட்டார். அவருடைய உடலில் இயற்கையாகச் சுரந்த டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், விதி குறித்த அளவை மிஞ்சியதே காரணம். அப்போது அவருக்கு வயது 18. அவர் மருந்து எதனையும் உட்கொண்டதாக யாரும் கூறவில்லை. மருத்துவத்தால் உடலை மாற்றிக்கொள்ள மறுத்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 ஜூலையில், அவ்விதிக்குப் போதிய சான்று இல்லையென மன்றம் அதனை நிறுத்திவைத்தது. ஏழு மாதங்களில் அவர் தோகாவில் ஓடினார்.

வரலாறு கூறுவோர் பாதியை மறைத்தல் கூடாது. 2023-இல், வேறொரு காரணமாக, ஊக்கமருந்து விதியை மீறியதற்காக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்னும் வழக்கும் ஓய்ந்துவிடவில்லை. 2025-இல் உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனையைக் கொண்டுவந்தது. போட்டி சமநிலையில் நடைபெற வேண்டும் என்பது ஒரு நியாயம். எவரும் ஊரறிய அவமானப்படலாகாது என்பது மற்றொரு நியாயம். இரண்டையும் நீங்கள் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும்.

இதனை நான் எடுத்துரைக்க ஒரு காரணமுண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பையன்களையும் முந்தி ஓடினாள். திடலோரம் நின்ற ஒருவர், “இது பெண்பிள்ளைதானா?” என்று உரக்கக் கேட்டார். பலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை, ஆனால் கண்டிக்கவுமில்லை. மறுநாள் முதல் அவள் திடலுக்கு வரவில்லை. தலைவலி என்றாள், நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் எத்தனை விநாடியில் ஓடினாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

மாணவச் செல்வங்களே, லோசான் மன்றத்திற்குச் செல்லும் வழக்குகள் சிலவே. பள்ளித் திடலில் ஒரு சொல்லால் முடிந்துபோகும் ஓட்டங்கள் பல. நாளை உங்கள் பள்ளியில் ஒரு பெண் எல்லோரையும் முந்தி ஓடினால், கைதட்டுங்கள். யாரேனும் நகைத்தால், நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.