உள்ளத்தை அளந்த கோல்

துணியை அளக்க முழக்கோலும் நெல்லை அளக்க மரக்காலும் கண்ட மனிதன், தன் உள்ளத்தையும் அளந்தறிய விரும்பினான். இருபதாம் நூற்றாண்டிலே அவ்விருப்பம் வினாக்கொத்து வடிவில் நிறைவேறலாயிற்று. அவற்றுள் பெரும்புகழ் எய்தியது ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்திலே பிறந்ததாகும். ஹதவே என்னும் உளவியலறிஞரும் மக்கின்லி என்னும் உளநோய் வைத்தியரும் 1940ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இதனை வெளியிட்டனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுக்களை ஒவ்வொன்றாகப் படித்து, தம்மைப் பொறுத்தவரை அது மெய்யோ பொய்யோ எனக் குறிப்பதே விடையளிப்போர் செய்யவேண்டியது.

நோயாளர் ஒருவிதமாகவும் நோயற்றோர் வேறுவிதமாகவும் விடையிறுத்த கூற்றுக்களைத் தெரிந்தெடுத்தே அளவைகள் அமைக்கப்பட்டன. முறை செம்மையானதே. ஆனால், நோயற்றோர் எனக் கொள்ளப்பட்டோர் யாவர்? நோயாளரைப் பார்க்கப் பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு வந்த உற்றாரும் நண்பருமாகிய 724 பேரே அங்கு முதன்மை பெற்றனர். அவர்கள் வெள்ளையர், பெரும்பாலோர் கிராமங்களிலும் சிறு பட்டினங்களிலும் வாழ்ந்தவர், சராசரியாக எட்டாண்டுப் பள்ளிப் படிப்புடையவர். இவர்தம் வாழ்க்கை நோக்கே நலமான உள்ளத்துக்கு இலக்கணமாயிற்று.

வைத்தியசாலைக்கென ஆக்கப்பட்ட இக்கோல் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் வேலைக்கு ஆள் தெரியும் இடத்துக்கும் சென்றது. கறுப்பின மக்கள் விடையிறுத்தபோது, சிந்தைச் சிதைவையும் மிகைக் கிளர்ச்சியையும் காட்டும் அளவைகளில் அவர்கள் வெள்ளையரிலும் உயர்ந்த எண்கள் பெறுவதைப் பல ஆய்வுகள் கண்டன. வெள்ளையரின் நியமங்கொண்டு கறுப்பினத்தாரை அளத்தல் பாரபட்சத்துக்கு வழிகோலாதா என 1972இல் மல்கம் கிந்தர் என்னும் அறிஞர் வினவினார். பள்ளிக்கூடத்திலும் பஸ் வண்டியிலும் வாக்குச் சாவடியிலும் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் பிறரை எளிதில் நம்பாதிருப்பது அநுபவம் தந்த எச்சரிக்கையேயாம். வினாக்கொத்தோ அதனை நோயின் குறியாகப் படித்தது. கல்வியையும் சமூக நிலையையும் ஒப்பாக்கிப் பார்க்கின் இவ்வேறுபாடு குறைகின்றதெனப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர்.

பால் வேற்றுமையிலும் இத்தகைய குறையே நேர்ந்தது. ஐந்தாம் அளவை ஆண்மையையும் பெண்மையையும் ஒரே கோலின் இரு முனைகளாக வைத்தது. அதனை அமைக்கையில் பெண்மைச் சாயலுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டவர் தன்பாலின நாட்டமுடைய 13 ஆடவர் மட்டுமே. கலையிலும் இலக்கியத்திலும் ஈடுபட்ட கற்றறிந்த ஆடவர் இவ்வளவையில் இயல்புக்கு மாறானவராகத் தோன்றினர். ஆண்மைக்குரியன எனப்பட்ட துறைகளை விரும்பிய பெண்ணும் அவ்வாறே கணிக்கப்பட்டாள். துணிவும் கனிவும் ஒருவரிடத்தே ஒருங்கு அமையலாம் என்னும் கருத்தின்மேல் சாண்ட்ரா பெம் என்னும் பெண் அறிஞர் 1974இல் வேறொரு வினாக்கொத்தை வெளியிட்டார்.

திருத்தம் 1989இல் வந்தது. ஏழு மாநிலங்களிலிருந்து 1,138 ஆடவரும் 1,462 பெண்டிருமாக 2,600 பேர், பல இனத்தவரும் உட்பட, புதிய நியமத்துக்குத் தெரியப்பட்டனர். அவர்களும் பொதுமக்களிலும் மிகுதியாகக் கற்றவர் என்ற குறை எழுந்தது. வேலைக்கான சோதனைகளில் இனம், பால் ஆகியவற்றுக்கேற்ப எண்களை மாற்றுதலை 1991ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. 2008இல் வெளியான புதிய வடிவில் ஆண்மை பெண்மை அளவை நீக்கப்பட்டது. இருபாலார்க்கும் ஒரே நியமம் வகுக்கப்பட்டது.

ஆகவே, மூலநூலாரின் தீய எண்ணத்தால் இத்தவறு நேர்ந்ததெனக் கூறுதல் பொருந்தாது. அருகிலிருந்தோரை அளந்து, அவர்களையே மனித குலமெனக் கொண்டமையே அதற்குக் காரணம். ஒருவரது தொழிலும் நற்பெயரும் சில வேளைகளில் விடுதலையுங்கூட இத்தகைய எண்களில் தங்கியிருக்கின்றன. அவ்வெண்ணை ஏற்குமுன், அது யாருடைய விடைகளோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது எனக் கேட்டறிதல் ஆசிரியர்க்கும் வைத்தியர்க்கும் நீதிபதிக்கும் உரிய கடமையாகும்.